பதின்மூன்றாவது கை

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றிப் பன்னிரண்டு பெண்கள் இடது கையை மல்லாத்தி நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேஜை நாலு பேருக்கானது. மீதிப் பேர் ஸ்டூலிலும் டிரங்குப் பெட்டியிலும் ஒருவர் தோள்மேல் ஒருவராக இடித்துக்கொண்டிருந்தார்கள். வளையல் சத்தத்தில் அப்பாவின் ரேடியோ செய்தி காதில் விழவில்லை. அவர் அதைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

ஒவ்வொரு கையிலும் முழங்கைக்குக் கீழே, உள்பக்கத்தில், தபால்தலை அளவுக்கு ஒரு பிளாஸ்திரி. அதன் அடியில் ஒரு துண்டுத் துணி. துணியில் நான் தயாரித்த குளிர்காலக் கிரீம். சனிக்கிழமை ஒட்டியது. இரண்டு நாள் தண்ணீர் படாமல் வைத்திருந்து இன்று பிரிக்க வேண்டும். தோல் சிவக்காமல் இருந்தால் கிரீம் பாஸ், நானும் பாஸ்.

"சீக்கிரம் பிரிடி செண்பகம். பாலை அடுப்புல வெச்சுட்டு வந்திருக்கேன்" என்றார் விசாலம் மாமி. தஞ்சாவூர்க்காரர். கல்கத்தா லேக் மார்க்கெட்டில் அவர் வீட்டுக்காரர் காபிக்கொட்டைக் கடை வைத்திருந்தார்.

மாமியின் பிளாஸ்திரியைப் பிரித்தேன். தோல் பளிச்சென்று இருந்தது. அடுத்தது அம்மா. பளிச். மற்ற லேக் மார்க்கெட்டுத் தமிழ்ப் பெண்கள் நாலு பேர் கையும் பளிச். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்த இடத்திலேயே ஒரு கும்மி அடித்திருப்பேன்.

அடுத்து, கீழ் வீட்டு மின்னு மாஷிமா. வங்காளத்தில் மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா முறை. அந்தத் தெருவில் வயதான எல்லாப் பெண்களும் எனக்கு மாஷிமாதான். அவர் கையைப் பிரித்தேன். கொசுக்கள் கூட்டமாக வந்து விருந்து சாப்பிட்டுப் போன மாதிரி, சதுரமாக, கச்சிதமாகச் சிவந்திருந்தது.

"ஓ மா!" என்றார் மாஷிமா.

அடுத்த ஐந்து வங்காளிக் கைகளும் அதே சிவப்பு.

மேஜையில் பிறந்த யுத்தம்

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"எங்க தோல் மெல்லிசு" என்று மாஷிமா வங்காளத்தில் சொன்னார். "வெயில்ல காஞ்ச மெட்ராஸ் தோலுக்கு இதெல்லாம் உறைக்காது."

விசாலம் மாமிக்கு வங்காளம் பேச வராது, ஆனால் வைதால் மட்டும் நன்றாகப் புரியும். "மெல்லிசாமா? மார்க்கெட்டுல மீன்காரனோட இவா மல்லுக்கு நிக்கறச்சே பாத்திருக்கேன், அப்போ எங்கே போச்சு இந்த மெல்லிசு? எங்களுக்குத் தேங்காய் ஒத்துக்கும், ஏன்னா நாங்க பொறந்ததுலேர்ந்து தேங்காய்தான். இவாளுக்குத் தேங்காயோட பழக்கம் இல்லை, அவ்வளவுதான்!"

"என்ன சொல்றா அவ?" என்று மாஷிமா என்னைக் கேட்டார்.

"உங்க கை அழகா இருக்குன்னு சொல்றாங்க" என்றேன்.

அம்மா நடுவில் புகுந்து கேசரித் தட்டை நீட்டினாள். கேசரி தீரும்வரை யுத்தம் நின்றது. தீர்ந்ததும் மறுபடி ஆரம்பித்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஏன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நார்கேல் எஸ்டர்

வேதியியல் பட்டத்தை வாங்கிவிட்டு வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, பெண்ணுக்கு ரயில்வேயில்தான் வேலை என்று விண்ணப்பம் மேல் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்குத் தெரியாமல் கிடர்பூரில் ஒரு சின்ன அழகுப் பொருள் தொழிற்சாலைக்கு எழுதிப் போட்டேன். எழுபதுகளின் நடுவில், லோட்ஷெட்டிங் உச்சத்தில் இருந்த காலம். மின்சாரம் இல்லாத நேரத்தில் கையால் கிரீம் கலக்கத் தயாரா என்று நேர்காணலில் கேட்டார்கள். எங்கள் வீட்டில் மாவு ஆட்டுவது நான்தான் என்றேன். ஆறு மாதத் தற்காலிக வேலை கிடைத்தது.

முதலாளி மல்லிக் பாபு. ஜிப்பாவில் எப்போதும் ஏதாவது ஒரு சென்ட்டின் வாசம் வரும். தலைமை கெமிஸ்ட் தாஸ் பாபு. துர்கா பூஜை முடிந்த மறுநாளே மங்கி கேப் போட்டுக்கொள்ளும் ஆசாமி. வெளியே வெயில் கொளுத்தும்போது அந்தக் குல்லாய்க்குள்ளிருந்து இரண்டு கண்கள் மட்டும் சோதனைக் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த ஊர்க்காரர்களுக்குக் குளிர் என்றால் அப்படி ஒரு பயம். நமக்கு மழைக்காலம் எப்படியோ, அவர்களுக்குக் குளிர்காலம் அப்படி. அதனால்தான் குளிர்காலக் கிரீம் அங்கே அரிசி பருப்பு மாதிரி விற்றது.

எங்கள் பழைய கிரீம் மண்ணெண்ணெய் வம்சத்தில் வந்த ஒரு வெள்ளை எண்ணெயில் ஆனது. பூசினால் கன்னத்தில் ஜிகுஜிகுவென்று உட்கார்ந்திருக்கும். தெருத் தூசி எல்லாம் அதில் வந்து ஒட்டும். தோலை மெத்தென்று ஆக்கும் சரக்குக்கு எங்கள் தொழிலில் எமோலியன்ட் என்று பெயர். இந்த எமோலியன்ட்டைத் தாவர எண்ணெயிலிருந்து எடுத்தால் என்ன என்று நூலகத்தில் ஒரு சஞ்சிகையைப் படித்துவிட்டு நான் கேட்டேன்.

தேங்காய் எண்ணெயை அப்படியே போட முடியாது. டிசம்பரில் கல்கத்தாவில் அது கல்லாகிவிடும். ஆனால் அதை உடைத்து, உள்ளே இருக்கும் ஓர் அமிலத்தை மட்டும் பிரித்து, ஓர் ஆல்கஹாலோடு சேர்த்தால் எஸ்டர் கிடைக்கும். உறையாது, பிசுக்காது. தடவினால் தோலுக்குள் போய்விடும், விரலில் பட்டின் வழுவழுப்பு மட்டும் மிஞ்சும். பம்பாயிலிருந்து ஒரு டிரம் வந்து இறங்கிய அன்று நான் அரை மணி நேரம் என் விரல்களையே தேய்த்துக்கொண்டு பைத்தியம் மாதிரி நின்றேன். பெயர் நீளமாக இருந்ததால் தொழிற்சாலையில் எல்லோரும் அதை நார்கேல் எஸ்டர் என்றார்கள். நார்கேல் என்றால் தேங்காய்.

மல்லிக் பாபுவுக்கு ஒரே குஷி. "தேங்காய்லேர்ந்து வந்ததுக்கு என்ன சோதனை? செடி கொடியில விளைஞ்சது யாரை என்ன பண்ணும்?" என்றார்.

"காஞ்சொறியும் செடிதான்" என்றது மங்கி கேப்.

அப்படித்தான் கைச் சோதனைக்கு முடிவாயிற்று. பன்னிரண்டு பேரைப் பிடித்து, ஒட்டி, பார்த்து, எழுத வேண்டியது என் பொறுப்பு. அதற்குள் மல்லிக் பாபு பொறுக்க மாட்டாமல் ஒரு பெரிய அண்டா நிறையக் கிரீமைத் தயாரிக்கச் சொல்லிவிட்டார். கிரீம் தேறினால் காளி பூஜைக்கு முன் கடைகளுக்குப் போகும், எனக்கு நிரந்தர வேலை. தேறாவிட்டால் அண்டா சாக்கடைக்கு, நான் வீட்டுக்கு. இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

என் மகா புத்திசாலித்தனம்

சோதனைக்கு நாள் குறித்ததில் எனக்கு இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நம் பெண்கள் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். அன்று பிளாஸ்திரி கையில் இருந்தால் நல்லெண்ணெயும் சீயக்காயும் புகுந்து எல்லாம் கெட்டுப் போகும். அதனால் சனிக்கிழமை ஒட்டித் திங்கட்கிழமை பிரிப்பது என்று திட்டம் போட்டேன். எவ்வளவு முன்யோசனை என்று என் முதுகில் நானே தட்டிக் கொடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, ஆறு பளிச், ஆறு சிவப்பு என்று எழுதிய தாளோடு தொழிற்சாலையில் போய் நின்றேன். மல்லிக் பாபு படித்தார்.

"ஆக, இந்தக் கிரீமை மெட்ராஸிகளுக்கு மட்டும் விக்கலாம்" என்றார். "கல்கத்தாவில உங்க ஆளுங்க எத்தனை பேர்? ஒரு அண்டா கிரீமையும் அவங்களே பூசித் தீர்க்கணும்னா ஒருத்தருக்கு ஒரு பக்கெட் குடுக்கணும்."

தாஸ் பாபு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பக்கத்துல வெறும் துணி ஒட்டினியா?"

கிரீம் இல்லாத வெறும் துணியையும் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தால்தான் குற்றம் கிரீமுடையதா, வேறு எதனுடையதா என்று தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நான் ஒட்டவில்லை. தொழிற்சாலை முதலுதவிப் பெட்டியில் இருந்த பிளாஸ்திரி பன்னிரண்டு துண்டுக்குத்தான் வந்தது. கறிகாய் வாங்கும்போது கொசுறு கேட்கத் தெரிந்த எனக்கு, இன்னும் கொஞ்சம் பிளாஸ்திரி கேட்கத் தோன்றவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

"இன்னொரு தடவை பாக்கறேன்" என்றேன்.

"ஒரே ஒரு தடவை" என்றார் மல்லிக் பாபு.

முற்றத்தில் அடித்த நெடி

மறுநாள் காலை. வீட்டுக்குக் கீழே முற்றத்தில் வெயில் இறங்கியிருந்தது. நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பால் பூத்துக்குக் கிளம்பினேன். மூக்கில் சுரீர் என்று ஒரு நெடி ஏறியது.

மின்னு மாஷிமா முக்காலியில் உட்கார்ந்து கடுகெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, தோளிலிருந்து மணிக்கட்டு வரை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். குளிக்கும் முன் கடுகெண்ணெய் தேய்ப்பது வங்காளிக்குப் பல் தேய்ப்பது மாதிரி. செவ்வாய் வெள்ளி என்றெல்லாம் கணக்கு இல்லை. தினமும். நான் பிறந்ததிலிருந்து அந்த முற்றத்தில் அதைப் பார்க்கிறேன். பார்த்துப் பார்த்தே கண்ணில் படாமல் போய்விட்டது.

"மாஷிமா! சனிக்கிழமை, ஞாயித்துக்கிழமைகூட எண்ணெய் தேய்ச்சீங்களா?"

"தேய்க்காம?"

"பிளாஸ்திரி இருந்த கையிலயுமா?"

"சுத்தித் தேய்ச்சேன். ஓரமாக் கொஞ்சம் உள்ள போயிருக்கும். நீ தண்ணி படக் கூடாதுன்னுதானே சொன்னே? எண்ணெய் படக் கூடாதுன்னு எப்பச் சொன்னே?"

நான் பால் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டு மாஷிமாவைக் கட்டிக்கொண்டேன். என் புடவையெல்லாம் கடுகெண்ணெய். கடுகின் காரத்தைச் சும்மா தேய்த்துக் கழுவினால் தோல் பொறுத்துக்கொள்ளும். அதையே துணிக்கடியில் இரண்டு நாள் மூடி வைத்தால் எந்தத் தோல் சும்மா இருக்கும்? எங்கள் பெண்களின் எண்ணெய்க் குளியலுக்குப் பஞ்சாங்கம் பார்த்த மகா புத்திசாலி, அடுத்த வீட்டுக் குளியலை மறந்துவிட்டேன்.

"இந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?" என்று மாஷிமா மேலே பார்த்து என் அம்மாவைக் கேட்டார்.

"பாஸ் ஆயிருவா போலிருக்கு!" என்று அம்மா பால்கனியிலிருந்து தமிழிலேயே பதில் சொன்னாள்.

இரண்டாம் சுற்று

சிவப்பெல்லாம் மறையும்வரை காத்திருந்து அடுத்த சனிக்கிழமை மறுபடி ஒட்டினேன். இந்த முறை பிளாஸ்திரியை நானே மருந்துக்கடையில் வாங்கினேன். எல்லோருக்கும் ஒரு கிரீம் துணி, பக்கத்திலேயே ஒரு வெறும் துணி. வங்காளிப் பெண்களுக்கு மட்டும் இரண்டு கையிலும். வலது கையில் வழக்கம்போல் கடுகெண்ணெய் தேய்க்கலாம். இடது கையில் தொடக் கூடாது.

"ஒரு கைக்கு விருந்து, ஒரு கைக்கு ஏகாதசியா?" என்று மாஷிமா அலுத்துக்கொண்டார். ஆனால் ஆறு பேரும் சொன்னபடி செய்தார்கள். ஊர் மானம் அவர்கள் கையில் இருந்தது.

எனக்கும் ஆசை வந்தது. பட்டியலில் நான் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஆனாலும் என் கிரீம் அல்லவா! என் இடது கையில் மூன்று துணி ஒட்டிக்கொண்டேன். ஒன்று வெறும் துணி, ஒன்று கிரீம், மூன்றாவதில் நார்கேல் எஸ்டர் மட்டும்.

திங்கட்கிழமை. மறுபடி மேஜை, மறுபடி வளையல், மறுபடி அப்பா மாடியில். தமிழ்க் கைகள் பளிச். வங்காளிகளின் இடது கைகள் பளிச்சோ பளிச். வலது கைகளில் கிரீம் துணியும் சிவப்பு, வெறும் துணியும் சிவப்பு. குற்றவாளி கடுகு!

விசாலம் மாமி மாஷிமாவின் இடது கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார், குத்துச்சண்டையில் ஜெயித்தவருக்குச் செய்வது போல. "பாத்தேளா, இவாளுக்கும் தேங்காய் ஒத்துக்கறது!" இரண்டு பேரும் ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாமல் கைகோத்துக்கொண்டு சிரித்தார்கள். அம்மா கேசரிக்கு ரவை வறுக்கப் போனாள்.

எல்லோரும் போன பிறகு என் பிளாஸ்திரிகளைப் பிரித்தேன்.

வெறும் துணி இருந்த இடம் பளிச். கிரீம் இருந்த இடம் சிவப்பு. எஸ்டர் இருந்த இடம் அதைவிடச் சிவப்பு. அரிப்பு வேறு. எங்கள் வீட்டில் கடுகெண்ணெய் வாங்குவதே கிடையாது.

நவம்பரில் ஸ்வெட்டர்

மறுநாள் முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். குளிர் இன்னும் வரவில்லை. கிடர்பூர் பஸ் நெரிசலில் வெந்து போனேன்.

தாஸ் பாபு என்னைப் பார்த்ததும் குல்லாய்க்குள் அவர் கண் மலர்ந்தது. "உனக்கும் குளிருதா?" என்றார். அத்தனை வருஷத்தில் அவருக்கு முதன்முதலாக ஒரு துணை கிடைத்த சந்தோஷம். ஆமாம் என்றேன். பாவம், எனக்கு ஏலக்காய் டீ வரவழைத்துக் கொடுத்தார்.

பட்டியலில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டும் சுத்தம். பதின்மூன்றாவது கையைப் பற்றி யாருக்கும் தெரியாது. வழியெல்லாம் இதையேதான் எனக்கு நான் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன்.

மல்லிக் பாபு தாளைப் படித்தார். அவர் மேஜையில் என் நிரந்தர வேலைக் கடிதம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது, கையெழுத்துதான் பாக்கி. அவர் படித்து முடித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஷோனோ, கேளு சம்பா," என்றார். செண்பகம் அவர் வாயில் எப்போதும் சம்பாதான். "போன வாரம் ஆறு சிவப்பு. இந்த வாரம் கிரீம் ரொம்ப யோக்கியம், கடுகு அயோக்கியன். யோசனை சொன்னது நீ. கலந்தது நீ. ஒட்டினது நீ. உன் வீட்டு மேஜையில நீயே பார்த்து நீயே எழுதியிருக்கே. உன் வேலையும் இதுலதான் தொங்குது. நான் ஒரு வியாபாரி. இவ்வளவு சுத்தமான சரக்கை நான் எப்படி நம்பறது?"

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது சிரிப்பு. ஸ்வெட்டருக்குள் வேர்த்து ஊற்றிக்கொண்டு, பொய்க் குளிருக்கு டீ குடித்துவிட்டு வந்து நிற்கும் என்னை நினைத்தால் எனக்கே தாங்கவில்லை.

இடது கை ஸ்வெட்டரைச் சுருட்டி மேலே தள்ளி, கையை அவர் மேஜைமேல் வைத்தேன்.

"இது என்ன?"

"இது பதின்மூணாவது கை. இது வெறும் துணி, இது கிரீம், இது எஸ்டர். எனக்குக் கடுகெண்ணெயே கிடையாது. எஸ்டர்தான் எனக்கு ஆகலை."

"இது தாளில இல்லையே?"

"எழுதலை."

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. எங்க அம்மாவுக்குக்கூட."

"அப்புறம் ஏன் காட்டினே?"

"என்னை மாதிரி இன்னொருத்தி எங்கேயாவது இருப்பா. அவ காசு குடுத்து டப்பா வாங்கி முகம் பூராப் பூசிப்பா."

மல்லிக் பாபு குனிந்து என் கையைப் பார்த்தார். தாஸ் பாபு மங்கி கேப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தார். அவர் தலையில் முடி இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"தாஸ் பாபு, எழுதுங்க" என்றார் முதலாளி. "பதிமூணு பேர். ஒருத்திக்கு ஆகலை. டப்பாவுக்குள்ள ஒரு சீட்டு வைக்கணும். முதல்ல கையில கொஞ்சம் தடவி ரெண்டு நாள் பாருங்கன்னு." பிறகு பேனாவைத் திறந்துகொண்டே என்னிடம் சொன்னார்: "அந்தப் பன்னிரண்டு பேரை இப்பத்தான் நம்பறேன்."

கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

மாடிப்படியில் நான் இறங்கவில்லை, உருண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்வெட்டரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே இரண்டு ஸ்டாப் முன்னால் இறங்கி, ராஷ்பிஹாரி அவென்யூவில் டிராமோடு போட்டி போட்டு நடந்தேன். டிராம்தான் ஜெயித்தது.

அம்மா கதவைத் திறந்ததும் கடிதத்தை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள்.

"ஏட்டி, இது என்னட்டி கையி?"

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அம்மாவின் திருநெல்வேலி முகம் பல விதமாக மாறியது.

"உனக்கே ஒத்துக்கிடாததையா ஊரெல்லாம் விக்கப் போறிய?"

"ஊருக்கு ஒத்துக்கிடும்மா. எனக்கும், என்னை மாதிரி யாராவது இருந்தா அவளுக்கும்தான் ஆகாது. அதுக்குத்தான் சீட்டு வைக்கப் போறோம்."

அம்மா உள்ளே போய்த் தேங்காய் எண்ணெயை எடுத்து வந்து, என் கையைப் பிடித்து இழுத்துத் தடவ ஆரம்பித்தாள்.

"எம்மா! அந்த எஸ்டரே தேங்காயிலருந்துதான் வந்தது!"

"தேங்கா என்னட்டி செய்யும் பாவம்? நீங்க அதைப் போட்டு என்ன பாடு படுத்துனியளோ, அதுக்குக் கோவம் வந்துட்டு. சும்மா நில்லு."

நின்றேன். எரிச்சல் அடங்கியது, சிரிப்பு அடங்கவில்லை. அவள் தடவி முடிக்கும்வரை, எண்ணெய் பட்டுவிடாமல் கடிதத்தை மற்றக் கையால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.